பெயரை எடுத்துவிட்டால்

விண்டோஸில் ஒரு ஃபைலை அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குப் போகிறது. மனசு மாறினால் பொறுக்கிக்கொள்ளலாம். யூனிக்ஸ், லினக்ஸ் கட்டளை வரியில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. 'ஆர்எம்', இரண்டே எழுத்து. 1971-ல் பெல் லேப்ஸில் தயாரான முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. இன்றைக்கு அதோடு 'மைனஸ் ஐ' சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் 'அழிக்கட்டுமா?' என்று கேட்கும். 'மைனஸ் ஆர்' என்றால் டைரக்டரி, அதற்குள் டைரக்டரி, அதன் வயிற்றில் உள்ள குஞ்சு குளுவான் வரை காலி. 'மைனஸ் எஃப்' எதையும் கேட்காது. 1998-ல் பிக்ஸாரில் யாரோ இப்படித் தட்டிவிட, 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி காணாமல் போனது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண்மணியின் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது.

சரி, 'ஆர்எம்' உண்மையில் எதை அழிக்கிறது? பெயரை. அவ்வளவுதான். டைரக்டரி என்பது ஒரு பதிவேடு. இன்ன பெயர், இன்ன நம்பர் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கும். அதில் ஒரு வரியை அடிக்கிறீர்கள். ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். ஒன்றை அடித்தால் மற்றது தாங்கும். கடைசிப் பெயரும் போனபிறகுதான் 'இந்த இடம் காலி' என்று மிஷின் குறித்துக்கொள்ளும். அப்போதும், பழைய ஹார்ட் டிஸ்க்குகளில், மேலே வேறு எதையாவது எழுதுகிறவரை விஷயம் அங்கேயே கிடக்கும். கூப்பிடத்தான் பெயரில்லை.

இதில் என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிற சமாசாரம் இன்னொன்று. ஒரு ஃபைல் உங்களுடையது. வேறு யாரும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது என்று பூட்டிவிட்டீர்கள். ஆனால் அது இருக்கும் டைரக்டரியில் எழுத எனக்கு அனுமதி இருந்தால், உங்கள் ஃபைலை நான் அழித்துவிடலாம். ஒரு வரி படிக்க முடியாது, ஒழித்துக்கட்ட முடியும்! கேட்டால் யூனிக்ஸ் ஆசாமிகள், 'உங்கள் ஃபைலை அவர் தொடவே இல்லையே, அவர் பதிவேட்டில் ஒரு வரியை அடித்தார்' என்பார்கள். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. நியாயமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியோடு காரைக்காலுக்கு வாருங்கள். 1739-லிருந்து, நடுவில் ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட காலங்கள் போக, பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. அதில் ஒரு ஷரத்து: இங்கே பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் அன்றிலிருந்து இந்தியர்கள். பிரெஞ்சுக்காரராகவே தொடர விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேட்டார்கள், அவகாசம் தந்தார்கள், 'மைனஸ் ஐ' தானே என்பீர்கள். பாதி சரி. வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி நேர் தலைகீழ். சைகோனில் இருந்த காரைக்கால்காரர் ஒன்றும் எழுதாவிட்டால் பிரெஞ்சுக்காரராகவே தொடர்வார். திருநள்ளாற்றில் நாற்று நடும் அவருடைய தம்பி ஒன்றும் எழுதாவிட்டால் இந்தியர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரே மௌனம், இரண்டு தேசம். பதினெட்டு வயசுக்குக் கீழே கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனார் எழுதியதே முடிவு. 'மைனஸ் ஆர்'!

இந்தியாவோடு சேர்ந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சேர்ந்திருக்க வேண்டிய ஊர்தான். ஆனால் ஒரு மனிதன் இன்னார் என்பது, அவன் பதில் சொல்லாத ஒரு கேள்வியால் தீர்மானமாவது எனக்கு இன்னமும் செரிக்கவில்லை. அவனைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம், அவனைத் தொட வேண்டாம், பதிவேடு கையில் இருந்தால் போதும். வாக்காளர் பட்டியலில் பெயரில்லை என்று சாவடியிலிருந்து திரும்பி வந்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அழித்தது முழுசாக அழிவதில்லை என்பது இங்கேயும் உண்மை. பிரெஞ்சு ஆட்சியில் எழுதிய காரைக்கால் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தாத்தா பெயரைத் தேடும் பேரன்களுக்கு உதவும்.

டைரக்டரி அநியாயத்துக்கு யூனிக்ஸ்காரர்களே ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் எழுதும் பொது டைரக்டரியில் 'ஸ்டிக்கி பிட்' என்று ஒரு முத்திரை. அது இருந்தால் அவரவர் ஃபைலை அவரவர்தான் அழிக்கலாம். (டைரக்டரியின் சொந்தக்காரருக்கும் மேலதிகாரிக்கும் மட்டும் விலக்கு. விலக்கு இல்லாத விதி எங்கே இருக்கிறது?)

காரைக்காலில் தன் ஃபைலைத் தானே அழித்தவர் ஒருவர் உண்டு. புனிதவதி. மாம்பழ அதிசயத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன், கப்பலேறிப் போய் பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்தான். பிறகு குடும்பத்தோடு இவர் காலில் விழுந்தான். 'இவனுக்காகச் சுமந்த உடம்பு இனி வேண்டாம்' என்று இறைவனிடம் கேட்டுப் பேயுருவம் வாங்கிக்கொண்டார் அம்மையார். பாட்டில் தன்னைச் சொல்லிக்கொள்வதும் காரைக்கால் பேய் என்றுதான். புனிதவதி என்ற பெயர் நமக்குச் சேக்கிழார் சொல்லித்தான் தெரியும்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். அதற்கு முன்பு, வருஷா வருஷம் தவறாமல், அம்மையாருக்கும் பரமதத்தருக்கும் மேளதாளத்தோடு திருக்கல்யாணம் நடக்கும். அம்மையாரை யாரும் கேட்பதில்லை.