பிள்ளைகளின் நாவில் ஜாஹிலிய்யத்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.



2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை, அதே பள்ளியில் படித்த பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

"அது சாதிச் சண்டை, நமக்கென்ன?" என்கிறீர்களா?

சென்ற வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் பீகார் சகோதரர் ஒருவர், வேலை உடையோடு ஜும்ஆவுக்கு வந்து ஸஃப்பில் நின்றார். பக்கத்தில் நின்ற நம் பிள்ளைகள் இருவர் பின் ஸஃப்புக்குப் போய்விட்டார்கள். தொழுகைக்குப் பின் கூப்பிட்டுக் கேட்டேன். "வடக்கன்ஸ் ஹஜ்ரத், பான்பராக் வாடை" என்று சிரித்தார்கள். அவர் பான் போட்டிருக்கவில்லை. அது மெஷின் ஆயில் வாடை.

பதினைந்து வயதுப் பிள்ளை இதை எங்கே கற்றான்? வீட்டில் அத்தா பேசக் கேட்டிருக்கிறான். செல்போனில் கேலி வீடியோ பார்த்திருக்கிறான். அவன் சொன்னதும் கூட்டாளிகள் சிரித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடும் அவன் உட்கார்ந்து பேசியதில்லை. நம் பிள்ளைகள் கையில் கயிறு இல்லை, நாவில் இருக்கிறது.

புகாரியில் ஒரு ஹதீஸ். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை, அவருடைய தாய் அரபியல்லாதவர் என்பதைச் சொல்லி ஏசிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள், உம்மிடம் ஜாஹிலிய்யத் இன்னும் இருக்கிறது என்று கண்டித்தார்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே கொடுங்கள், உடுத்துவதையே உடுத்துங்கள் என்றும் கற்றுத்தந்தார்கள். அதன் பிறகு அபூதர் (ரலி) அவர்களும் அவர்களின் பணியாளரும் ஒரே மாதிரி ஆடையில் இருப்பதை மக்கள் பார்த்தார்கள்.

அவ்வளவு பெரிய ஸஹாபியிடமே ஒட்டியிருந்தது என்றால், நாம் எம்மாத்திரம்? இந்த மிம்பரில் நிற்கும் எனக்கும் அந்தச் சகோதரர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

சூரா ஹுஜுராத் 13ஆம் வசனம், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே அல்லாஹ் நம்மைப் பல கூட்டங்களாக ஆக்கினான் என்கிறது. ஆகவே, இன்று தொழுகை முடிந்ததும் உடனே செருப்பைத் தேடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். உங்கள் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

வல்ல ரஹ்மான் நம் நாவையும் நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் தூய்மையாக்குவானாக! ஆமீன்.