பென்சில் இருந்தவர்கள்

சயாம் மரண ரயில்பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் போர்க்கைதி ஜாக் சால்கர். புண்ணிலும் பசியிலும் உருக்குலைந்த தோழர்களை ஜப்பானியருக்குத் தெரியாமல் வரைந்து ஒளித்து வைத்தார். பிடிபட்டு அடியும் வாங்கினார். ரொனால்ட் சியர்லும் அப்படி வரைந்தவர்தான்.

லாபுவில் பாட்டிக்கு அந்தப் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். 1943இல் அவருடைய அப்பாவைத் தோட்டத்து லயத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. ஒரு படம்கூடக் கிடையாது.

"வரஞ்சவரு கூடவே இருந்தவரா?"

"ஆமா பாட்டி."

"எங்கப்பா கூட இருந்தவங்களுக்குப் பென்சில் ஏது?"

415 கிலோமீட்டர் பாதையில் இறந்த கைதிகள் சுமார் 12,000 பேர். தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர் இறந்தது அதைவிடப் பல மடங்கு. இருந்தும் அந்தத் துயரம் என்றதும் என் மனதில் வருவது வெள்ளை உடம்புகள்தான். சால்கர்மேல் தப்பில்லை, பக்கத்தில் கிடந்தவனை அவர் வரைந்தார். படம் இருந்தால்தான் துயரம் என்று பழகிவிட்டது நம் தப்பு.

இன்று நாம் தமிழர்களை வரையலாமா? வரையலாம். ஆனால் அது சாட்சி ஆகாது, தேடல் மட்டுமே.

பாட்டி கடைசிப் படத்தை நகர்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இவருக்கும் ஒரு புள்ள காத்துக்கிட்டு இருந்திருக்கும்" என்றார்.