புதிய கைநாட்டு

பத்திரம் எழுதுபவர் படித்துக் காட்டியதே சட்டம். அவர் சுட்டிய இடத்தில் பதிந்த பெருவிரலே ஒப்பம்! அந்நிலை கண்டு வெட்கினோம், பள்ளிகளைப் பெருக்கினோம். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றபோது, கைநாட்டு ஒழிந்தது என்று களித்தோம். ஒழிந்ததா?

காவிரிக் கரையில் உள்ள நம் கொடுமுடிக்கு வந்து பாருங்கள், தோழர்களே! தேங்காயும் எள்ளும் விற்ற பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஏறிய செய்தி கைப்பேசிக்கு வருகிறது. பாடுபட்டவரோ அக்கைப்பேசியைக் கடைத்தெருவில் எவரிடமோ நீட்டி, "பணம் வந்துருச்சுங்களா தம்பி?" என்று கேட்கிறார். இரகசிய எண்ணையும், நாலு பேர் காதில் விழ, உரக்கவே சொல்கிறார். பெட்டி அவர் வீட்டில்; சாவி ஊரார் கையில்!

"தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்து தருவது உதவிதானே? தச்சு அறியாதவர் தச்சரை நாடுவதில்லையா?" என்று நண்பர் சிலர் நம்மை மடக்குகின்றனர். நல்ல கேள்விதான். ஆனால் தச்சர் செய்த கட்டில் ஆடினால், உளி பிடித்தறியாதவரும் உட்கார்ந்த உடனே கண்டுகொள்வார். கைப்பேசியில் ஒருவர் செய்து தந்தது சரியா, சூதா என்று அறிவதற்கே அந்த அறிவு வேண்டுமே! சரிபார்க்க இயலாத இடத்தில் வைக்கும் நம்பிக்கைக்கு, வேறு வழியின்மை என்பதே உண்மைப் பெயர்.

2016இல் வந்த யூ.பி.ஐ. முறையையே எடுத்துக்கொள்வோம். பணம் அனுப்பத்தான் இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இவ்வொரு வரி தெரிந்தவரிடம், "பரிசு விழுந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள எண்ணை அழுத்துங்கள்" என்னும் புரட்டனின் பேச்சு பலிக்குமா? பட்டம் பெற்றோரும் இவ்வலையில் வீழ்கின்றனர். (ஆசிரியர் குலமும் விலக்கன்று!) பணம் பறிபோனால் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆங்கிலம் அறியாதார்க்கு இது கைவராது என்பாரும் உளர். உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கம் வகுத்துத் தந்த தமிழ்99 விசைப்பலகை 1999இலேயே வந்துவிட்டது. இன்றைய கைப்பேசியோ, தமிழில் பேசினால் தானே எழுதிக்கொள்கிறது. மொழியின் மேல் பழி போடுவானேன்? பொறுமை இல்லாதவர் நாம்தாம்.

"கொடு, நானே செய்துவிடுகிறேன்" என்று பாட்டியின் கையிலிருந்து பிடுங்குகிறான் பேரன். நொடியில் முடிகிறது. அடுத்த மாதமும் பிடுங்குகிறான். அவன் வேலை தேடித் திருப்பூர் போன பிறகு? பிடுங்குவதில் அவனுக்கோர் இன்பமும் உண்டு. பத்துப் பேர் தன்னைச் சுற்றி நின்று காத்திருக்கும் பெருமை! ஓதுபவர் சிலர், பொருளறியாது தலையாட்டுபவர் பலர் என்ற ஏற்பாட்டை மேடைதோறும் சாடிய நாம், ஓதுபவர் இருக்கையில் நாமே அமர்ந்துகொண்டு அதற்கு உதவி என்று பெயரிடலாமா?

மாலை வேளைகளில் மாணவர் சிலரோடு ஒரு சிறு முயற்சியைத் தொடங்கியுள்ளோம். விதி ஒன்றே: கற்பிப்பவன் கை கைப்பேசியில் படக்கூடாது. வாயால் சொல்லலாம், அழுத்துவது கற்பவர் விரலே. முதல் நாள், அம்மையார் ஒருவர் மின் கட்டணம் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடையே மாணவன், பழைய பழக்கத்தில், "எண் என்னங்க பாட்டி?" என்று கேட்டுவிட்டான். அம்மையார் சொல்ல மறுத்துவிட்டார்.