கூத்தாடிப் பிழைப்பு

இறைவனுக்கே ஆடவல்லான் என்று பெயர் சூட்டிய மொழி நம் மொழி. அதே மொழியில் ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல். இம்முரண்பாட்டை நாம் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. நடனம் அமைப்பதையே தொழிலாகக் கொள்ளப் போகிறேன் என்று மகனோ மகளோ சொல்லும் நாளில்தான் அது வீட்டுக்குள் வந்து நிற்கிறது. பழனி மலையின் மேற்பகுதியில், பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் கவுஞ்சி போன்ற ஊரிலும் இன்று இப்பேச்சு எழலாம். ஹிப் ஹாப் ஆட்டத்தைப் பழகத் தொடங்கக் கைப்பேசி போதும். அதைக் கொண்டு பிழைக்கவோ மலையிறங்கித்தான் ஆக வேண்டும். நிலத்தை யார் பார்ப்பது என்று தந்தை கேட்பார். மானத்தை யார் காப்பது என்று தாய் கேட்பார். முதற்கேள்வி நேர்மையானது. இரண்டாவதைத்தான் நாம் சற்று ஆராய வேண்டும்.

உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்கு வந்தபோது தாவீது தம் முழு ஆற்றலோடு ஆடினார். சவுலின் மகள் மீக்கால் பலகணி வழியே பார்த்து உள்ளத்தில் அவரை இகழ்ந்தாள் (2 சாமு 6). அவள் சினந்தது ஆட்டத்துக்காக மட்டுமன்று. பணிப்பெண்களின் கண்முன்னே அரசர் தம்மைத் தாழ்த்திக்கொண்டாரே என்பதற்காக. நம் வெறுப்பும் பெரும்பாலும் மீக்காலின் வெறுப்புத்தான். ஒழுக்கத்தின் பெயரால் பேசுகிறோம். உள்ளே இருப்பது குலப்பெருமை. பறையடித்து ஆடியவரை ஊருக்கு வெளியே நிறுத்திய நாமே, அந்தத் தாளம் திரையில் வந்தால் கைதட்டுகிறோம்.

ஹிப் ஹாப்பும் ஒரு சேரியின் பிள்ளைதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர், பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு நீட்டினார். அந்த நீட்சியில்தான் வறுமைப்பட்ட கறுப்பின இளைஞர்களின் ஆட்டம் வளர்ந்தது. 2024-இல் அது பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாகவே நடந்தது.

நம் நாட்டில் மேலை ஆட்டத்தைத் தமிழ்த்திரைக்குரியதாக்கியவர் பிரபுதேவா. அவர் பிறந்ததும் அதே 1973-இல். அவரைப் பார்த்துப் புறப்படுகிறவர்கள் அவர் ஏறிய படிகளையும் பார்க்க வேண்டும். முதலில் பரதம் பயின்றார். 1986-இல் ‘மௌன ராகம்’ பாடலொன்றில் குழலூதும் சிறுவனாகத் தோன்றினார். 1988-இல் ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் குழுவில் ஒருவராக ஆடினார். 1989-இல் ‘வெற்றி விழா’வுக்கு நடனம் அமைத்தார். ‘மின்சார கனவு’ (1997) அவருக்குத் தேசிய விருதைத் தந்தது. (துறவறம் நாடும் பெண்ணைப் பற்றிய கதை அது, முடிவில் குருவாவது வேறொருவர். அழைத்தல் யாருக்கு என்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை!) 2019-இல் பத்மஸ்ரீ. ஆயினும் அவர் தந்தை முகூர் சுந்தரே பெயர்பெற்ற நடன ஆசிரியர் என்பதை மறந்துவிடலாகாது. கவுஞ்சிப் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. அவன் குழுவின் பின்வரிசையில் தொடங்கி, உதவியாளனாகி, பல ஆண்டுகள் கழித்தே ஆசிரியனாக இயலும், ஆகாமலும் போகலாம். திரைக்கு வெளியேயும் வழி உண்டு: சுரேஷ் முகுந்த் நடனம் அமைத்த மும்பை வட்டாரக் குழு 2015-இல் உலக ஹிப் ஹாப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றது, 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றது.

சரி, பாவம் எங்கே இருக்கிறது? பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அக்குவினா நகர் புனித தோமா இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். மனிதரின் களைப்பை ஆற்றும் கூத்தரின் தொழில் தன்னிலே தவறானதன்று என்றார். தகாத சொல்லும் செயலும் கலந்தால் தவறு என்றார். குழந்தைகளின் உடலில் பெரியோரின் காம அசைவுகளை ஏற்றும் தொலைக்காட்சி மேடைகளுக்கு இது பொருந்தும். 2019-இல் மத்திய அரசே அதுபற்றி அலைவரிசைகளுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. ஆனால் தோமா இன்னொன்றும் சொல்கிறார், அதை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம்: கூத்தருக்கு அளவோடு ஊதியம் தருவது நீதியின் செயல்.

நடன ஆசிரியரின் அறச்சோதனை இங்கேதான் என்பது நம் கருத்து. கவிஞனுக்குத் தாள் போதும். இவருக்கோ பிறருடைய உடல்கள் வேண்டும். ஒருவர் பெயர் பெற இருபது பேர் வியர்க்கிறார்கள். அவர்களது முழங்கால் தேய்ந்தபின் கேட்பாரில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் படைப்பாக ஏற்கிறது, எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருந்தால். பின்வரிசையில் ஆடுவோரின் வியர்வை அந்தக் கணக்கில் வருவதில்லை. உழைப்பின் மதிப்பை வேலையின் வகையை வைத்தன்று, உழைப்பவர் மனிதர் என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதினார். மகன் ஆடலாமா என்று கேட்கும் பெற்றோர், தன் பின்னால் ஆடுவோருக்கு அவன் என்ன தருவான் என்றும் கேட்டால் நல்லது.

நம் பங்குத் திருவிழாக்களையும் பார்ப்போம். பந்தல்காரருக்குப் பணம் உண்டு. ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் உண்டு. மறைக்கல்விச் சிறார்களுக்கு மூன்று வாரம் ஆட்டம் பழக்கிய இளைஞனுக்குப் பல இடங்களில் ஒரு சால்வை மட்டுமே கிடைக்கிறது. அவனும் பேருந்துக்குக் கட்டணம் கொடுத்துத்தான் ஒவ்வொரு மாலையும் வந்து போகிறான்.