சாரத்தில் நிற்பவனின் மனம்

நவீன இலக்கியம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் மனம் படும் பாடு கொஞ்சமல்ல. தூக்கமின்மை, அர்த்தமின்மை, தான் தனக்கே அந்நியமாகிப் போவது எல்லாம் நிறையவே எழுதப்பட்டுவிட்டன. ஆனால் இவற்றை அனுபவிக்கிறவன் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் குமாஸ்தா, வாத்தியார், வேலை கிடைக்காத பட்டதாரி. சாரத்தின் மேல் நின்று சுவர் பூசுகிறவன் இந்தப் பக்கங்களுக்கு வரும்போது பசியோடு வருவான், காயத்தோடு வருவான், கோபத்தோடும் வரலாம். மனத்தோடு வருவது அபூர்வம். மனம் என்பது எழுதப் படிக்கத் தெரிந்தவனின் சொத்து என்ற எண்ணம் நமக்குள் எங்கோ இருந்துகொண்டிருக்கிறது. கட்டிடத் தொழிலாளியின் மனநலத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வியை அதனால்தான் நம்மிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

சட்டத்துக்கும் இதே எண்ணம்தான் இருந்திருக்கிறது. கட்டிடத் தொழிலாளர்களுக்காக 1996ல் வந்த மத்தியச் சட்டம் நலன்கள் என்று வரிசைப்படுத்தியவை குடிதண்ணீர், கக்கூஸ், தங்குமிடம், குழந்தைகளை விட ஓர் இடம், முதலுதவி, உணவுக்கூடம். ஓர் உடம்பின் தேவைகள். அதைக் குறை சொல்வதற்கில்லை, அந்த உடம்புக்கே இவை ஒழுங்காகக் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டில் 1994ல் அமைந்த நலவாரியமும் விபத்து, சாவு, பிரசவம், கல்யாணம், முதுமை என்று பெரும்பாலும் காகிதத்தில் நிரூபிக்க முடிகிறவற்றுக்கே பணம் கொடுத்து வந்திருக்கிறது. காகிதத்தில் வராதது வேறொரு கணக்கில் வந்து சேர்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2021ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 42,004 பேர் தினக்கூலிகள். நாலில் ஒருவர். இவர்களில் கட்டிட வேலைக்காரர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர், விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர். பல வருஷங்கள் விடியற்காலை பஸ்ஸில் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர். பிறகு நாகர்கோவிலிலேயே வேலை கிடைத்தது. கூட இருந்த கையாள் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். மறுநாள் வேலை இல்லை. அதற்கடுத்த நாள், விட்ட இடத்திலிருந்தே இவர் பூச வேண்டியிருந்தது. பூச்சில் ஒட்டுத் தெரியக்கூடாதென்பது காண்டிராக்டரின் கவலை. மூன்று வாரம் கழித்து என்னிடம் சொன்னார்: “ஒடம்புக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒறக்கந்தான் வரமாட்டேங்கு. மேல ஏறினா கை ஒரு மாதிரி உதறுது. யார்ட்டயும் சொல்லிராதீங்க, பெறவு வேலைக்கு விளிக்க மாட்டான்.”

இந்த மௌனத்தை அறியாமை என்று நினைத்துக்கொண்டுதான் மனநலம் பேசுகிறவர்கள் பலரும் ஆரம்பிக்கிறார்கள். தொழிலாளிக்குத் தன் மனம் தெரியவில்லை, அவனைப் பேசவைத்தால் போதும் என்று. கொத்தனாருக்குத் தன் நிலைமை துல்லியமாகத் தெரிந்திருந்தது. உதறுகிற கைக்கு யாரும் கூலி தரமாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது. அவரைப் பார்த்து மனம் திறந்து பேசுங்கள் என்பது, நாளைய கூலியைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள் என்பதுதான். என் தூக்கமின்மைக்கு நான் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அதிர்ஷ்டமிருந்தால் ஒரு கவிதைகூடத் தேறும். அபத்தத்தின் நாயகனாகக் காம்யூ எடுத்துக்கொண்ட ஸிஸிஃபஸுக்குக்கூட ஒரு சௌகரியம் இருந்தது. நாளைக்கும் வேலை உண்டா என்ற சந்தேகம் அவனுக்கு வந்ததில்லை.

கூலியும் பாதுகாப்பும் சரியானால் மனம் தானாகச் சரியாகும், அதுவரை நோய் என்ற பேச்சே கொலையை மறைக்கிற பேச்சு என்று நண்பரொருவர் வாதிக்கிறார். பாதி உண்மை. சாரத்துக்கு வலை கட்டாதவனின் குற்றத்தை, விழாமல் தப்பியவனின் நரம்புத் தளர்ச்சியாக மாற்றிவிடுவது சுலபம். ஆனால் சமூகம் மாறுகிற வரை கொத்தனார் தூங்காமல் இருக்க முடியாது. டாஸ்மாக்கில் அவர் வாங்குவதை ஒழுக்கக்கேடு என்கிறோம். யாரும் கேள்வி கேட்காமல் விற்கிற தூக்க மருந்து அவருக்கு அது ஒன்றுதான். 2022லிருந்து டெலி மானஸ் என்று 14416ல் ஒரு தொலைபேசிச் சேவை இருக்கிறது. நல்ல காரியம். எட்டுப் பேர் படுத்திருக்கிற தகரக் கொட்டகையிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு அதில் என்ன பேச முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2008ல் ஆரம்பித்த ஏற்பாடொன்றில், வேலைத்தலத்தில் இருப்பவர்களையே பழக்கி, கூட நிற்கிறவனின் மாற்றத்தைக் கவனிக்கச் செய்தார்கள். உதவி மேலேயிருந்து இறங்கி வராமல் பக்கத்திலிருந்து வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கொத்தனாரின் கூட்டாளி எந்தப் பயிற்சியும் இல்லாமலே இதைச் செய்தார். கை உதறுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், கீழ்ச்சுவரை அவருக்கு விட்டுக்கொடுத்து, தான் மேலே ஏறிக்கொண்டார். இரண்டு நாள்தான் முடிந்தது. மூன்றாம் நாள் இரண்டு பேர் கூலிக்கும் ஆபத்து வந்தது.

எனவே நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். காரணம் சொல்லாமல் சாரத்திலிருந்து இறங்கி நிற்க வருஷத்தில் சில நாட்கள், கூலியோடு. கட்டிடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று தொழிலாளர் பெயரில் வசூலான பணம் இதற்கு ஆகாதென்றால் வேறெதற்கு ஆகும்? ஏமாற்றுவார்கள் என்பார்கள். ஆபீஸ் குமாஸ்தாவின் தற்செயல் விடுப்புக்கு அவனுடைய துக்கத்தை நாம் நிறுத்துப் பார்த்ததில்லை.

கொத்தனார் இப்போது தரையில் டைல்ஸ் ஒட்டுகிறார். தூக்கம் பரவாயில்லை என்கிறார். அந்தச் சாரத்தில் அவருக்குப் பதிலாக ஏறியவன் ஒடிசாவிலிருந்து வந்த பையன். தமிழில் சாந்து, தண்ணி, சீக்கிரம் என்ற மூன்று வார்த்தைகளை அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பயம் என்பதற்கு அவன் பாஷையில் என்ன சொல் என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.