எப்ப கத்துக்கிட்ட தம்பி?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

நான் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவன். சிவில் பொறியியல் படிக்க சரவாக்கில், கோத்தா சமரஹானில் இடம் கிடைத்தது. கூச்சிங் விமான நிலையத்தில் இறங்கியதும் குடிநுழைவு முகப்பு. 1963-இல் மலேசியா உருவானபோது சரவாக்குக்குக் கிடைத்த உரிமை அது. தீபகற்பத்திலிருந்து போகிற நாமும் வரிசையில் நிற்கணும். "எத்தனை நாள் தங்குவே?" என்று அதிகாரி மலாயில் கேட்டார். "நாலு வருஷம்" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன்தான் வேறு. தீர்க்கரேகையில் 9 பாகைக்கு மேல் வித்தியாசம். அதனால் இங்கே சுமார் 40 நிமிடம் முன்னாடியே இருட்டிவிடும். வீட்டில் அம்மா விளக்கேற்றும் நேரத்தில் என் அறை ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. போனில் பேசினால் அங்கே இன்னும் வெளிச்சம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடுகிற சத்தம். அந்த 40 நிமிடம் என்னைப் படுத்திய பாடு எந்தப் பாடமும் படுத்தவில்லை. ஐந்தாவது வாரம் இடமாற்றப் பாரத்தை எடுத்து நிரப்பியே விட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"கடவுள் எங்கேயும் இருக்கார், கவலைப்படாதே" என்று சமய வகுப்பில் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். உண்மைதான். ஆனா ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது அது எனக்குக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது ஒரு குடிசை.

அம்மா முறுக்கு டின்னோடு சேர்த்து, தாத்தாவின் பழைய கம்பராமாயணம், அயோத்தியா காண்டம் உரையோடு, பையில் திணித்திருந்தார். சும்மா புரட்டியபோது சித்திரகூடப் படலம் வந்தது. இராமனும் சீதையும் தங்குவதற்கு இலக்குவன் குடில் கட்டுகிறான். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சிவில் மாணவனாகவே படித்துப் பாருங்கள். முதலில் மூங்கில் துண்டுகளை நட்டு, மேலே நீளமான முகட்டை வைக்கிறான். கைமரங்களை இழுத்துக் கட்டி, அதன்மேல் வரிச்சு பரப்புகிறான். தேக்கு இலையை அடுக்கி, நாணல் புல்லால் கூரை வேய்கிறான். கடைசியில் சுற்றிலும் மூங்கில் சுவர், அதில் மண்ணை அப்பி, தண்ணீர் தெளித்து மெழுகுகிறான். வேலை வரிசை அப்படியே சரி! என் விரிவுரையாளர்கூட குறை சொல்ல முடியாது. அதிலும் சீதைக்கென்று தனியாக ஓர் இடம் தடுத்துக் கட்டுகிறான்.

இவன் யார்? அரண்மனையில் வளர்ந்த சக்கரவர்த்தித் திருமகன். குடிலைப் பார்த்த இராமனுக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. இதையெல்லாம் நீ எப்போது கற்றுக்கொண்டாய் என்று தம்பியைக் கேட்கிறான்.

காட்டுக்குக் கிளம்பும்போது சுமித்திரை மகனிடம், இனி அந்த வனமே உனக்கு அயோத்தி என்று சொல்லி அனுப்புகிறாள். ஆனால் அம்மா சொன்னதால் மட்டும் காடு அயோத்தி ஆகிவிடவில்லையே? இலக்குவன் மூங்கில் வெட்டப் போனான். அதுவும் தனக்காக இல்லை. அவன் வில்லோடு வெளியே நின்று ராத்திரி முழுக்கக் காவல் காத்தவன். ஐந்து வாரமாக எனக்காக மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இராமனுக்கே ஊர் ஞாபகம் வரவில்லையா? வந்தது. பரதன் வந்து போன பிறகு, இங்கேதானே தம்பியையும் தாய்மாரையும் பார்த்தோம் என்ற நினைவு வாட்ட, அதுவும் ஒரு காரணமாகச் சித்திரகூடத்தை விட்டே கிளம்புகிறான் என்று வால்மீகி சொல்கிறார். ஆகவே அழுகை வந்தால் அழுங்கள். பக்தி குறைஞ்சிடாது.

என் அறைத்தோழன் இபான் பையன். காப்பிட்டுக்கு அந்தப் பக்கம், ரஜாங் ஆற்றோரத்து நீள வீட்டில் வளர்ந்தவன். குடில் கதையை அவனிடம் மலாயில் சொன்னேன். "என் தாத்தாவும் இப்படித்தான் கூரை கட்டுவார்" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தனக்கும் தூக்கம் வருவதில்லை என்றான். ஐந்து வாரம் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கிறோம், நான் ஒரு நாள்கூட அவனைக் கேட்டதில்லை.

அந்த வாரமே சீனியர் அண்ணன்மார் எங்களை மத்தாங் மலைக்கு அழைத்துப் போனார்கள். சார்லஸ் புரூக் காலத்தில் அங்கே காப்பி, தேயிலைத் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் காட்டுக்குள் கட்டிய மாரியம்மன் கோயில். ஊரிலிருந்து அவர்கள் மரம் கொண்டு வரவில்லை. இந்த மண்ணின் பெலியான் மரத்திலேயே கட்டினார்கள். அவர்களிடம் போனும் இல்லை, 2 மணி நேர விமானமும் இல்லை. கும்பிட்டுவிட்டு ரொம்ப நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தோழனும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

விடுதியில் சமைக்க விட மாட்டார்கள். வாடகை வீட்டில் இருக்கும் அண்ணனின் அடுப்படியில் வெள்ளிக்கிழமைதோறும் சமைக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் சாம்பார் தண்ணீர், சோறு கஞ்சி. ஏழு பேர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், புண்ணியவான்கள். தோழன் சந்தையில் மிடின் கீரை வாங்கி வந்தான். அதைத் தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டினால் நம்ம முருங்கைக்கீரைக்கு அடுத்தபடி என்று சொல்லலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் அம்மா பார்த்தார். சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு, பாய் விரித்து வரிசையாக எல்லாரும், நான் கரண்டியோடு. அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எப்பப்பா இதெல்லாம் கத்துக்கிட்ட?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பாரம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். அடுத்த மாதம் புது மாணவர்கள் வருகிறார்கள். சமரஹான் பக்கம் இடம் கிடைத்தவர்கள் வெள்ளிக்கிழமை நேராகச் சாப்பிட வந்துவிடுங்கள். வரும்போது காய்ந்த கறிவேப்பிலை கொஞ்சம் எடுத்து வாங்க, இங்கே அது கிடைப்பதுதான் பெரும்பாடு.