குழந்தையின் ஈரலும் ஓர் அமானிதமே!



பிள்ளை கீழே விழுந்தால் 'ஈரக்குலை நடுங்கிவிட்டது' என்கிறோம். அரபு மக்களும் பெற்ற பிள்ளையை 'ஈரலின் துண்டு' என்றே அழைப்பர். ஆனால், அந்தப் பிள்ளையின் ஈரலைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஈரல் கெடுவது மது அருந்துவோருக்கு வரும் கேடு என்றே நம்மில் பலர் கருதுகிறோம். அல்லாஹ்வின் அருளால் நம் இல்லங்களில் மதுவுக்கு இடமில்லை. ஆயினும் அதன் வாடையே அறியாத பாலகரின் ஈரலிலும் கொழுப்புப் படிகிறது. பருமனான பிள்ளைகளிடம் இந்நோயைக் கண்டு மருத்துவர்கள் 1983-லேயே எழுதினர். இன்று பல நாடுகளில் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் நாட்பட்ட ஈரல் நோய் இதுவே. பெரும்பாலும் வலி இராது, காய்ச்சல் இராது. கவனியாது விட்டால் சிலருக்கு ஈரல் தழும்பேறிச் சுருங்கவும் கூடும்.

பரம்பரைக் கூறும் இதற்கு ஒரு காரணம். அது நம் கையில் இல்லை. சர்க்கரை நம் கையில் இருக்கிறது. சர்க்கரையில் பாதி பழச்சர்க்கரை. அதன் பெரும்பகுதியை ஈரலே ஏற்கிறது. மிஞ்சினால் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. 300 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ 8 தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. பிள்ளை அழுதால் ஒரு பாட்டில், விருந்தாளி வந்தால் ஒரு பாட்டில், நோன்பு திறக்க சர்பத் என்று கொடுத்துப் பழக்குகிறோம். கேட்டால், "ஹலால்தானே?" என்கிறோம்.

ஹலாலானதை உண்ணச் சொல்லும் இறைமறை (2:168), அது 'தய்யிப்' ஆகவும், அதாவது நல்லதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில் (7:31) வரம்பு மீறுவதையும் தடுக்கிறது. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்தளித்தார்கள் (திர்மிதீ).

சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, நபிகளார் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகிலிருப்பதை எடுக்கவும் உடனமர்ந்து கற்பித்தார்கள். பின்னர் அதுவே அவருடைய பழக்கமாயிற்று (புகாரீ). உடனமர்ந்து உண்பவர் சொல்லும் சொல்தான் பிள்ளையின் உள்ளத்தில் பதிகிறது.

அமெரிக்காவில் இந்நோயுள்ள 11 முதல் 16 வயதுவரையான 40 சிறுவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2019-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு 8 வாரம் சர்க்கரையை மிகவும் குறைத்த உணவு தரப்பட்டது. சிறுவனுக்கு மட்டுமல்ல, அவன் வீட்டார் அனைவருக்குமே! அவர்களின் ஈரற்கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. வழக்கம்போல் உண்டவர்களிடமோ 21-லிருந்து 20 ஆனதோடு சரி.

ஆகவே, பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். 'குண்டன்' என்று பட்டப்பெயர் சூட்டவும் வேண்டாம். அதையும் மார்க்கம் தடுத்துள்ளது (49:11). வாப்பாவின் கையில் கோலாவை வைத்துக்கொண்டு மகனுக்குத் தண்ணீரை நீட்டினால் அவன் கேட்பானா? வீட்டில் எல்லோருக்கும் தண்ணீரே பானமாகட்டும். பழத்தைப் பிழியாமல் பழமாகவே கொடுப்போம். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பாலில் சர்க்கரை வேண்டாம். பெரிய பிள்ளைகள் நாளும் ஒரு மணி நேரம் ஓடியாடட்டும். எடை மிகுந்தாலோ, பிடரியில் தோல் கறுத்துத் தடித்தாலோ மருத்துவரிடம் காட்டி, தேவையெனில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம்.

நம் பொறுப்பில் விடப்பட்டவர்களைப் பற்றி நாளை மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம். நம் செல்வங்களை உடல்நலத்தோடும் ஈமானோடும் வளர்த்தெடுக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.